ஓசை கொடுத்த நாயகியின் சந்நிதியில்

சீர்காழிக்கு மேற்கே சிறிது தொலைவில் திருக்கோலக்கா என்னும் பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அப்பகுதி மக்களுக்கு அது தாளமுடையார் கோயில். மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்ட திருஞானசம்பந்தர், அதன்பின் முதன்முதலாகச் சென்று தொழுத தலம் அது. குழந்தை தன் பிஞ்சுக் கைகளைத் தட்டித் தாளமிட்டுப் பாடியதையும், அதைக் கண்டு இரங்கிய ஈசன் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளங்களை அருளியதையும் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். தலபுராணம் இன்னும் ஒரு செய்தியைச் சொல்கிறது. வெண்கலத்தைப் போலக் கணீரென்று ஒலிக்கும் இயல்பு பொன்னுக்கு இல்லை. ஆகவே இறைவன் தந்த தாளங்களுக்கு அம்பிகை ஓசையைத் தந்தாள். அதனால் அவளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று திருநாமம். பேச்சு வராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்றும் அவள் சந்நிதிக்கு வந்து முறையிடுகிறார்கள்.

அப்படி முறையிட்டவர்களுள் நானும் ஒருவன். அம்பிகை என்னைக் கைவிடவில்லை. ஆயினும் அவள் அருளை நான் முதலில் பிழையாகப் புரிந்துகொண்டேன். அந்தப் பிழைக்கு என் பேத்தி எட்டு மாத காலத்தை விலையாகக் கொடுத்தாள். என்னைப் போன்ற முதியவர்கள் படிக்கும் இவ்விதழில் அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

எனக்கு வயது எழுபத்துநான்கு. தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாள்தோறும் காலையில் நான் பூசை செய்யும் அறைக்கு வெளியேதான் தொட்டில் கட்டியிருந்தோம். கனமான வெண்கல மணியை நான் ஓங்கி அடிப்பேன். குழந்தை அசையாமல் உறங்கும். "எவ்வளவு அமைதியான குழந்தை, பார்!" என்று என் மனைவியிடம் பெருமையாகச் சொல்வேன். பத்தாவது மாதத்தில் ஒருநாள் மருமகளின் கை தவறிப் பித்தளைத் தாம்பாளம் தொட்டிலின் அருகிலேயே விழுந்தது. தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். விழித்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திரும்பவில்லை. மருமகள் அந்தத் தாம்பாளத்தை எடுக்காமல் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றது இன்னும் என் கண்முன் நிற்கிறது.

பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். ஐயம் இருப்பின் மூன்று மாதத்துக்குள் அதை உறுதிப்படுத்த வேண்டும். குறை இருப்பின் ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் தொடங்க வேண்டும். மருத்துவ உலகம் வகுத்திருக்கும் முறை இதுதான். பேத்தி பிறந்த மருத்துவமனையில் அந்தச் சோதனை நடக்கவில்லை. கேட்டுப் பெற வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தபின் நகரத்துக்கு அழைத்துச் சென்று சோதித்தோம். உறங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்து ஒலியை அனுப்பி, உட்செவி திருப்பித் தரும் மெல்லிய எதிரொலியை அளப்பது முதல் சோதனை. அதை ஓ.ஏ.இ. என்கிறார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டிவைத்து, ஒலி செவிநரம்பின் வழியே மூளைத்தண்டை எட்டுகிறதா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை. அதற்குப் பெரா என்று பெயர். இரண்டு செவிகளிலும் மிகக் கடுமையான குறை என்று தெரிந்தது. சில மாதங்கள் காது கேட்கும் கருவியை அணிவித்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. "காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சையால் பொருத்த வேண்டும். தாமதிக்காதீர்கள்" என்றார் மருத்துவர். அப்போது குழந்தைக்கு ஒன்றரை வயது.

வீட்டில் தடையாக நின்றவன் நான். "பச்சைக் குழந்தையின் தலையில் கத்தி வைப்பதா? தாளமுடையார் கோயிலுக்கு ஒரு மண்டலம் வேண்டிக்கொள்வோம். அம்பாள் பேச வைப்பாள்" என்றேன். தந்தை சொல்லை மீறாத மகன் அடங்கினான். நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. இன்னொரு மண்டலம் என்றேன். அதன்பின் நாள் சரியில்லை என்றேன்; ஆடி மாதம் என்றேன். இவ்வாறே எட்டு மாதங்கள் கழிந்தன.

ஒருநாள் கோயிலில் அர்ச்சனை முடிந்து பிராகாரத்தில் அமர்ந்திருந்தோம். என் எதிரில் நின்று பேசியறியாத மருமகள் மெல்லச் சொன்னாள்: "மாமா, தவறாக நினைக்கக் கூடாது. சுவாமி தாளம் கொடுத்தார், அம்பாள் ஓசை கொடுத்தாள் என்று நீங்கள்தானே கதை சொன்னீர்கள்? ஆனால் அதைத் தட்டியது பிள்ளைதானே? அவளுக்கும் ஒரு தாளம் வந்திருக்கிறது. வாங்கிக் கொடுங்கள் மாமா. தட்ட வைப்பது என் பொறுப்பு."

முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களுக்குப் பொருள் சொன்னவன் நான். அந்தக் கதையின் பொருளை அன்றுதான் கேட்டேன்.

அதன்பின் தாமதம் இல்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. எங்களுக்கும் அந்த வழி கிடைத்தது. நான் அஞ்சியதுபோல் அது மூளையைத் தொடும் சிகிச்சை அன்று. காதின் பின்புறம் தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவியை வைத்து, அதிலிருந்து வரும் மெல்லிய மின்முனை இழையை நத்தைக் கூடு போன்ற உட்செவிக்குள் செலுத்துகிறார்கள். வெளியே காதின்மேல் அணியும் பகுதி ஒலியை வாங்கி மின்குறிப்பாக மாற்றுகிறது. காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வில்லை அதை உள்ளே அனுப்புகிறது. இழை செவிநரம்பைத் தூண்டுகிறது.

மூன்று வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கினார்கள். அந்தக் கணத்தில் குழந்தை "அம்மா" என்று அழைப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளோ வீறிட்டு அழுதாள். செவித்திறன் வல்லுநராகிய அந்தப் பெண்மணி புன்னகையோடு, "அழுகையும் ஒரு பதில்தான் ஐயா. இன்றுதான் இவளுடைய காதுகள் பிறந்திருக்கின்றன. இனிமேல்தான் வேலை" என்றார். தாளம் கையில் வந்துவிட்டது. அதில் ஓசை எழுப்புவதற்கான தொண்டு அன்று தொடங்கியது.

வாரம் இருமுறை பயிற்சி. மகன் பணிக்குச் சென்றுவிடுவான் ஆதலால் மருமகளுக்குத் துணையாக நான் பேருந்தில் செல்வேன். ஒவ்வொரு நாளும் பயிற்சி ஆறு ஒலிகளோடு தொடங்கும்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். பேசும் ஒலிகளின் கனத்த சுருதி முதல் மிக நுண்ணிய சுருதி வரை இந்த ஆறில் அடங்கிவிடுகின்றன என்பதால், டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த முறை இது. பயிற்சி தருபவர் தம் வாயை மறைத்துக்கொண்டு ஓர் ஒலியைச் சொல்வார். அது காதில் விழுந்தால் குழந்தை ஒரு மரவளையத்தைக் கம்பில் கோக்க வேண்டும். முதல் வாரங்களில் என் பேத்தி வளையத்தைக் கையில் பிடித்தபடி சும்மா அமர்ந்திருப்பாள். மருமகள் சலிக்காமல் அவள் கையைப் பிடித்துக் கோக்கச் செய்வாள். நான்காம் மாதத்தில் குழந்தை தானே கோக்கத் தொடங்கினாள்.

ஒருநாள் நானும் அருகில் அமர்ந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். குழந்தை வளையத்தைக் கோத்தாள். "யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, ஏன் கோத்தாள்?" என்று கேட்டேன். அறையில் ஒரு கணம் பேச்சு நின்றது. "ஸ் என்று சொன்னேன் ஐயா" என்றார் பயிற்சியாளர். மறுபடி சொன்னார். குழந்தை கோத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இனி என் கதையையும் சொல்லியாக வேண்டும். அறுபத்தைந்து வயது முதலே என் செவி மங்கத் தொடங்கிவிட்டது. பிறர் முணுமுணுக்கிறார்கள் என்று சொல்லி வந்தேன். மனைவி "தட்டு எடுத்து வாருங்கள்" என்றால் பட்டுப் புடவையைக் கொண்டுபோய் நிற்பேன். தொலைக்காட்சியின் ஒலி தெருமுனை வரை கேட்கும். ஒரு திருவாசக முற்றோதலில் எல்லோரும் பதிகம் முடித்து அமைதியான பிறகும் நான் மட்டும் உரக்கப் பாடிக்கொண்டிருந்தேன். அன்பர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒலிபெருக்கி என் முன்னாலிருந்து நகர்ந்திருந்தது. அதன்பின் நான் முற்றோதலுக்குச் செல்வதை நிறுத்தி, முழங்கால் வலியைக் காரணமாகச் சொன்னேன். ஒரு கடையில், எந்தச் சோதனையும் செய்யாமல், கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை அணிந்தால் பாத்திரம் கழுவும் ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் இடிபோல் விழுந்தன. பேச்சு மட்டும் புரியவில்லை. ஒரு வாரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

'ஸ்' கேட்காத அன்றும் நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி அணிவதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. காதுக்குக் கருவி என்றால் மட்டும் நமக்கு நாணம்.

அதன்பின் ஒரு பிரதோஷ மாலை. கோயிலிலிருந்து நான் வீடு திரும்பியபோது பேத்தி வாசலுக்கு ஓடிவந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். "ஆ... ஆ..." என்று மட்டும் எனக்குக் கேட்டது. மகனும் மருமகளும் கைகொட்டிச் சிரித்தார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அவர்களோடு சிரித்தேன். இரவு விளக்கணைக்கும் முன் மனைவி என் அருகில் வந்து உரத்த குரலில் கேட்டாள்: "குழந்தை உங்களைத் தாத்தா என்று கூப்பிட்டாளே, நீங்கள் ஏன் ஒன்றும் பேசவில்லை?"

அந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் சந்நிதியில் நின்றேன்! அம்பிகை அதைக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொள்ள என்னிடம் செவி இல்லை.

மறுநாளே பேத்தியின் செவித்திறன் வல்லுநரிடம் சென்று, எனக்கும் சோதனை செய்யச் சொன்னேன். முதலில் காது மருத்துவர் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பின்னர் ஒலி புகாத அறையில் அமர்த்திச் சோதித்து வரைபடம் தந்தார்கள். கனத்த சுருதிகளில் 30 டெசிபல் அளவிலேயே எனக்குக் கேட்கிறது. நுண்ணிய சுருதிகளிலோ 65 டெசிபல் வரை ஒலியைக் கூட்டினால்தான் கேட்கிறது. "ஐயா, உங்களுக்கு உயிரெழுத்து கேட்கிறது, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் நழுவுகின்றன. அதனால்தான் ஒருவர் பேசுவது தெரிகிறது, பேசும் சொல் தெரிவதில்லை" என்றார் அவர். தமிழாசிரியனுக்கு இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்! உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஏறக்குறைய பதினையாயிரம் உண்டு. நுண்ணிய சுருதிக்கு உரியவை முதலில் தேய்கின்றன. தேய்ந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

என் வரைபடத்துக்கு ஏற்பச் சீரமைத்த கருவிகளை இரண்டு காதுகளுக்கும் தந்தார். அவர் சொன்ன ஒன்றை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கண்ணாடி அணிந்தவுடன் எழுத்து தெரிந்துவிடும். செவிக் கருவி அப்படிப்பட்டதன்று. பல ஆண்டுகள் கேளாத ஒலிகளை மூளை மறந்துபோயிருக்கும். அது மீண்டும் பழகிக்கொள்ள வாரங்களும் மாதங்களும் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஓரிரு மணி நேரம், பின்னர் ஒருவரோடு உரையாடல், பின்னர் பலர் கூடிய இடம் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். இடையிடையே சென்று கருவியின் அளவுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய கருவி இழுப்பறைக்குள் போனதற்குக் காரணம், பழக்கிவிட ஒருவர் இல்லாததுதான்.

அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு மாணவர்கள். மாலையில் மருமகள் வாயை விசிறியால் மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொல்வாள். பேத்தி ஒரு வளையம் கோப்பாள், நான் ஒரு வளையம் கோப்பேன். நான் தவறவிட்டால் அவள் என்னைப் பார்த்து விரலை ஆட்டுவாள். இரவில் மனைவி திருவாசகத்தில் ஒரு வரியைப் படிப்பாள்; கேட்டதை நான் திருப்பிச் சொல்வேன். வீட்டார் என்னோடு பேசும் முறையும் மாறியது. முதலில் என்னை அழைத்து, நான் திரும்பிய பின்னர், முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பேசுகிறார்கள். கத்துவதில்லை, கத்தினால் சொல் சிதையும். புரியாவிட்டால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் சொல்கிறார்கள். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு மாலை கூடத்தில் அமர்ந்திருந்தேன். பூசை அறையிலிருந்து மெல்லிய ஓசை வந்தது. மனைவி விளக்கேற்றிக்கொண்டே தனக்குள் அபிராமி அந்தாதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மணமான புதிதில் அதைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். "மறுபடி எப்போது சொல்லத் தொடங்கினாய்?" என்று கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நான் எப்போது நிறுத்தினேன்?" என்றாள்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாராதனையின்போது மணியும் மேளமும் சேர்ந்து முழங்கினால் இன்றும் எனக்குச் சொற்கள் கலங்கிப்போகின்றன. கருவியின் ஒலியைக் குறைத்துக்கொண்டு கண்ணால் தரிசிக்கிறேன். முற்றோதலுக்கு மீண்டும் செல்கிறேன். தலைமை தாங்குபவரின் வாய் தெரியும்படி முன் வரிசையில், என் குறையை வெளிப்படையாகச் சொல்லி, அமர்கிறேன். பேத்தி எல்லாக் குழந்தைகளும் படிக்கும் பள்ளிக்குச் செல்கிறாள். முதல் வரிசையில் அமர்கிறாள். அவள் பேச்சில் சில எழுத்துகள் இன்னும் தெளியவில்லை. "எட்டு மாதம் முன்னரே வந்திருந்தால்" என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. மொழியைக் கற்கும் பருவத்தில் ஒவ்வொரு மாதமும் அரியது என்று நான் பின்னர் அறிந்துகொண்டேன். அந்தக் கணக்கு எனக்கும் அம்பிகைக்கும் இடையில் இருக்கிறது.

நான் நாள்தோறும் செல்லும் கோயிலின் வாசலில் பூக்கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே காது கேளாதவர். கருவி ஏதும் இல்லை. கைகளாலேயே தம் மனைவி மக்களோடு எல்லாவற்றையும் பேசுகிறார். வேடிக்கை சொல்லிச் சிரிக்கிறார். சைகைமொழியும் முழுமையான ஒரு மொழியே. இந்தியச் சைகைமொழிக்கென்றே 2015-ஆம் ஆண்டு புதுதில்லியில் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தாது. என் பேத்தி அவரிடம் கையாலும் என்னிடம் வாயாலும் பேசுகிறாள். அவரை முன்பு நான் எந்தச் சொல்லால் குறிப்பிட்டு வந்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்பர்களுக்குச் சில செய்திகள். உங்கள் இல்லத்தில் குழந்தை பிறந்தால், வீட்டுக்கு அழைத்து வரும் முன்னரே செவித்திறன் சோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். ஐயம் எழுந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவை அணுகுங்கள். உங்களுக்கே பேச்சு புரியாமல் போகிறது என்றால் நாணாமல் சோதித்துக்கொள்ளுங்கள். முதுமையில் இதைக் கவனியாமல் விடுவது மறதி நோய்க்கும் ஒரு காரணமாகக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். வசதி குறைந்த அறுபது வயது கடந்தோருக்குச் செவிக் கருவி உள்ளிட்ட உதவிகளை வழங்க மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கருவிக்கு வழி கேட்கலாம். கருவி வாங்கும் இடத்தில், "பழக்கிவிடுபவர் யார்?" என்று முதலில் கேளுங்கள். குளத்தில் நீராடும்போதும் அபிடேகத் தீர்த்தம் தெளிக்கும்போதும் கருவியில் நீர் படாமல் காத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் குடும்பத்தோடு திருக்கோலக்காவுக்குச் சென்றோம். பேத்தி சிறிய கைத்தாளம் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். அம்பாள் சந்நிதியில் நின்று அதைத் தட்டினாள். தட்டியபின் நிமிர்ந்து என் காதுகளைப் பார்த்து, "தாத்தா, கேட்டுதா?" என்றாள்.

"கேட்டது அம்மா" என்றேன்.

கேளாத செவிகளுக்கெல்லாம் உரிய வழியையும், அவ்வழியில் சலியாமல் துணை நிற்கும் கைகளையும் ஓசை கொடுத்த நாயகி அருள்வாளாக.